இல்லப் பராமரிப்பு: ஓதம் ஏறிய குளியலறைச் சுவர்

மழைக்காலம் முடிந்த பின்னும் காயாத சுவர் ஒன்று பல இல்லங்களில் உண்டு. பெரும்பாலும் அது குளியலறையை ஒட்டிய சுவராகவே இருக்கும். வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி காண்பது இதுதான்: அடிப்பகுதியில் வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு உதிரும் சுவர், அதன்மேல் அண்மையில் அடித்த வண்ணம், அல்லது அதை மறைக்க நிறுத்திய அலமாரி. மறு மழைக்கு வண்ணம் மீண்டும் உரியும். செலவு வீணாவது மட்டுமன்று. ஈரச் சுவரில் வளரும் பூஞ்சை இளைப்பு நோயுள்ள பிள்ளைகளுக்குத் தீங்கு. அச்சுவரினூடே மின்கம்பி சென்றால் உயிருக்கே ஆபத்து.

லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரம் சுவரைப் பற்றிப் பேசுகிறது. பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த திட்டுகள் தோன்றினால் குரு வந்து பார்வையிடுவார். வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து மறுபடியும் பார்ப்பார். திட்டு பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, காரையைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் கொண்டு பூசவேண்டும். தூய்மைச் சட்டமாக எழுதப்பட்ட அப்பகுதியில் வேலையின் ஒழுங்கும் அடங்கியிருக்கிறது: முதலில் ஆய்வு, பின்பு பொறுமை, பின்பு கெட்டதை அகற்றுதல், இறுதியில் பூச்சு. நம் இல்லங்களிலோ இறுதி வேலையே முதல் வேலையாகிவிடுகிறது.

ஆகவே, நீர் வரும் வழியை முதலில் காண்போம். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளின் நான்கு விளிம்புகளையும் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுக. தாளின் உட்புறம் நீர்த்துளி கண்டால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் கண்டால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் தீரும். இரவில் குழாய்களையெல்லாம் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்க வேண்டும். காலையில் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. அடுத்து, தரையின் நீர்ப்போக்கை அடைத்து, ஓர் அங்குலம் நீர் தேக்கி ஒரு நாள் விட்டால், தரை வழியே கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கசிவை அடைத்த பின்னரே சுவரில் கை வைக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றொலி எழும் பூச்சு முழுவதையும், அதற்கப்பால் அரையடி வரையிலும், உளியால் பெயர்க்க வேண்டும். உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குக. நீரால் கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும். செங்கல் இணைப்புகளைச் சுரண்டிச் சில நாள் உலரவிடுக. பூசுமுன் செங்கலை இலேசாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்டும் நான்கு பங்கு சலித்த மணலும் நல்ல நீரில் கலந்து, அரை அங்குலக் கனத்தில் பூசி, மணியாசுக் கட்டையால் சமப்படுத்துக. உவர்நீர் கூடாது, உப்பு மீண்டும் பூக்கும். அரை மணி நேரத்திற்குள் பூசி முடிக்கக்கூடிய அளவே கலக்க வேண்டும். சிமெண்ட் தோலை அரிக்கும், கையுறை தேவை. ஏழு நாள் நீர் தெளித்து, நன்கு காய்ந்தபின் வண்ணம் பூசலாம். டைல்ஸ் இடைவெளிகளில் விண்ட சாந்தைச் சுரண்டிப் புதிது நிரப்புக. சுவரும் தரையும் கூடும் மூலையில் சிலிக்கான் பசையே நிலைக்கும். அங்குச் சாந்து எளிதில் வெடிக்கும்.

இப்போது சில அடுக்குமாடிகளில் ஜிப்சம் பலகையாலும் சுவர் அமைக்கிறார்கள். நனைந்து இளகிய பலகையைப் பூசி மீட்க இயலாது. அப்பகுதியை வெட்டி மாற்றவே வேண்டும். பச்சைத் தாள் ஒட்டிய பலகை ஈரத்தை ஓரளவு தாங்கும். நேரே விழும் நீரைத் தாங்காது.

தூணிலோ உத்திரத்திலோ துருக்கறையுடன் விரிசல் கண்டால் நாமே தொடலாகாது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்பதே அதன் பொருள். உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். மற்றச் சுவர்களை ஒரு குடும்பம் தன் கையாலேயே செப்பனிடலாம். அதில் கடினமானது கரணை பிடிப்பதன்று, காயும்வரை காத்திருப்பதே.