என்ட்ரி போட்டவரே பாஸ் பண்ணலாமா?

போன ஞாயிறு ஆண்டர்சன்பேட்டையிலிருந்து தங்கச்சி போன். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு, எங்கள் தெருப் பெரியம்மா ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன கதையைச் சொன்னாள். காலை எட்டு மணிக்கு வரிசை. பன்னிரண்டு மணிக்கு உள்ளே. "இந்த மாத்திரை இங்க இல்ல, வெளிய வாங்கிக்குங்க" என்று ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

"ஏன்னு கேக்க வேண்டியதுதானே?" என்றேன், இங்கே ஹீட்டர் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டு.

"யார்கிட்டண்ணா கேக்கறது? டாக்டரையே கேட்டா, அடுத்த தடவையும் அவர்கிட்டதானே போய் நிக்கணும்?"

ஒரு வாரமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பி.காம். படித்துவிட்டு பாங்கில் காலம் தள்ளுகிறவனுக்கு ஆஸ்பத்திரி பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் இது மருத்துவம் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை, ஆடிட் சம்பந்தப்பட்ட கேள்வி. அது கொஞ்சம் தெரியும் :-)

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ந்தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சம்பளத்தோடு மைன்ஸ் ஆஸ்பத்திரியும் போச்சு. அதற்குப் பிறகு அப்பாவுக்கு இருமலும் இளைப்பும் அதிகமானது. ஒரு ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. குறையவில்லை. திரும்பவும் மாத்திரை. கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சிலிகோசிஸ். கல் தூசு நுரையீரலில் படிந்து வருகிற நோய். காசநோய் மாதிரியே தெரியும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சிலிகோசிஸ் எங்கள் ஊருக்குப் புதுசே இல்லை. 1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது என்று கணக்கே இருக்கிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் எங்கள் ஊரைத்தான் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு மைன்ஸ் தொழிலாளி இருமிக்கொண்டு வந்தால் என்ன வேலை செய்தாய் என்று கேட்க வேண்டாமா?

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்க வரிசை தீராமல் பார்க்கிறவர். ஆனால் "சார், மைன்ஸில் வேலை செய்தவர்களிடம் அதையும் கேளுங்கள்" என்று அவருக்கு எடுத்துச் சொல்ல, டாக்டரும் இல்லாத நோயாளியும் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் எங்கள் ஊரில் இல்லை.

அப்படி ஒரு ஆளை நான் பார்த்தது இங்கிலாந்துக்கு வந்தபிறகுதான்.

இங்கே ஹெல்த்வாட்ச் என்று ஒரு ஏற்பாடு. 2012 சட்டப்படி 2013 ஏப்ரலில் ஆரம்பித்தது. உள்ளாட்சிப் பகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் நாடு முழுக்க 150க்கு மேல். ஆஸ்பத்திரி, டாக்டர் கிளினிக், முதியோர் இல்லம் எல்லாவற்றையும் பற்றி ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, சம்பந்தப்பட்டவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. சம்பளத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள் தொண்டர்கள். ரிடையர்டு டீச்சர், நர்ஸ், பஸ் டிரைவர், என்னை மாதிரி ஆட்கள். பயிற்சி கொடுத்து, போலீஸ் பதிவுகளைச் சரிபார்த்து, பிறகுதான் உள்ளே அனுப்புவார்கள். உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அறிக்கை கொடுத்தால் 20 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும்.

அப்பா நினைவில்தான் 2022ல் நானும் சேர்ந்தேன். முதன்முதலாக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன அன்று எங்களுக்குத் தலைமையாக வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, பழைய நர்ஸ். வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "சுவரில் மாட்டியிருக்கும் சர்ட்டிபிகேட்டைப் பார்க்காதீர்கள். தண்ணி ஜக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்."

பார்த்தேன். எல்லா அறையிலும் ஜக் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் நாலு அறைகளில் படுத்திருப்பவர் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. ரிக்கார்டுப்படி எல்லாம் சரி. தாகப்பட்டவருக்குத்தான் பிரயோஜனம் இல்லை. அறிக்கையில் எழுதினோம். மூன்றாவது வாரம் பதில் வந்தது, கட்டிலை ஒட்டிச் சின்ன மேசை போட்டுவிட்டோம் என்று. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, ஒரு மேசைதான். ஆனால் அந்த நாலு பேருக்கு அதுதான் எல்லாம்.

"ஆஹா, வெள்ளைக்காரன் நாடு" என்று நான் பஜனை பாட வரவில்லை. இங்கேயும் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட பாடு உலகமே அறிந்தது. அந்த ஊரிலும் அப்போது நோயாளிகள் மன்றம் ஒன்று இருந்தது, தொண்டர்களும் இருந்தார்கள். என்ன செய்துகொண்டிருந்தார்கள்? விதிமுறை பற்றியும் நடைமுறை பற்றியும் தங்களுக்குள் சண்டை! 2013ல் வந்த ராபர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை இதைப் பச்சையாகவே சொல்லியிருக்கிறது. விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அம்மாவைப் பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண்மணி. மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு அவர் நடத்திய போராட்டம்தான் கதவைத் திறந்தது.

ஆக, தொண்டர்கள் இருந்தால் மட்டும் போதாது. தண்ணி ஜக்கைப் பார் என்று சொல்லிக்கொடுக்கத் தெரிந்த தலைமை வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு சங்கம். தீர்மானம் போட்டு, டீ குடித்து, கலைவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலையில் இங்குள்ள அரசாங்கம் ஹெல்த்வாட்சைக் கலைக்கப்போவதாக அறிவித்தது. டாக்டர் பென்னி டாஷ் என்பவர் கொடுத்த பரிந்துரை அது. அமைப்புகள் அளவுக்கு மேல் பெருகிவிட்டன, ஒருவர் சொல்வதையே இன்னொருவரும் சொல்கிறார், நோயாளிக்கு எங்கே போவதென்று குழப்பம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 1974ல் தொடங்கிய பழைய சமூக சுகாதாரக் கவுன்சில்களை இங்கிலாந்தில் 2003ல் மூடினார்கள். அடுத்தது ஐந்து வருடம், அதற்கடுத்தது இன்னொரு ஐந்து வருடம், பிறகு ஹெல்த்வாட்ச். பெயர்ப் பலகை மாற்றியே ஐம்பது வருடம் ஓடிவிட்டது. பணமும் அப்படித்தான். உள்ளூர் ஹெல்த்வாட்ச்களுக்கு ஆரம்பத்தில் 4 கோடி பவுண்டு சொச்சம் இருந்தது, பத்து வருடத்தில் இரண்டரை கோடியை ஒட்டி வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது கலைப்பது அல்ல, அந்த வேலையை யாரிடம் கொடுக்கிறார்கள் என்பதுதான். மருத்துவம் பற்றிய குறைகளைக் கேட்கும் வேலை, அந்தச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்கித் திட்டமிடும் வாரியங்களுக்கே போகிறதாம். முதியோர் பராமரிப்பு பற்றிய குறைகள், அதை நடத்தும் கவுன்சில்களுக்கே.

பாங்கில் வேலை செய்கிற எவரையும் கேளுங்கள். ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர்தான் பாஸ் பண்ண வேண்டும். போட்டவரே பாஸ் பண்ணினால் அன்றைக்கு அவர் யோக்கியராகவே இருந்தாலும் தப்புதான். ஏனென்றால் விதி அயோக்கியனுக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை, நல்லவன் கண்ணிலும் தன் தவறு படாது என்பதற்காக எழுதப்பட்டது. தன் கையெழுத்துப் பிழை தனக்குத் தெரியாது.

ஹெல்த்வாட்சுக்கும் கவுன்சில் வழியாகத்தான் பணம் வந்தது, அது மட்டும் சரியா என்று நீங்கள் மடக்கலாம். சரியில்லைதான். அந்தக் குறையைத் தீர்க்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்டணும். இவர்கள் இருந்த கொஞ்ச தூரத்தையும் எடுத்துவிடுகிறார்கள்.

இனி நம்ம ஊர். நம்மிடம் ஏற்பாடே இல்லை என்று சொன்னால் பொய். 1994ல் சூரத் பிளேக் பீதிக்குப் பிறகு, இந்தோரில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் எலி ஒழிப்பில் ஆரம்பித்த ஜனங்களின் ஒத்துழைப்பு ரோகி கல்யாண் சமிதியாக உருவெடுத்தது. 2005ல் வந்த தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கர்நாடகாவில் அதன் பெயர் ஆரோக்ய ரக்ஷா சமிதி. கையில் கொஞ்சம் பணமும் உண்டு. 2007ல் தமிழ்நாடு, கர்நாடகா உட்பட ஒன்பது மாநிலங்களில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கிராமத்து ஜனங்களே சுகாதாரச் சேவைக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மார்க் போட்டார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்பு புரியும் இல்லையா?

ஆனால் சமிதியில் நாற்காலி யாருக்கு என்று பாருங்கள். தலைமை பெரும்பாலும் அரசியல் பிரதிநிதிக்கோ அதிகாரிக்கோ. உறுப்பினர் செயலாளர் அதே ஆஸ்பத்திரியின் பொறுப்பு டாக்டர். கூட்டம் கூட்டுவதும் அவர், மினிட்ஸ் எழுதுவதும் அவர். நிர்வாகக் கமிட்டிக்கு இது சரி. கண்காணிப்புக்குச் சரியா? இங்கிலாந்து எந்த இடத்துக்குப் போகப்போகிறதோ, அந்த இடத்தில் நாம் ரொம்ப நாளாகவே உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் தொண்டுக்கு ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இருபது வருடம் பூட்டிக் கிடந்த மைன்ஸ் ஆஸ்பத்திரியை 2021 கொரோனா சமயத்தில் தொண்டர்கள் இறங்கிச் சுத்தம் செய்தார்கள், அது கோவிட் மையமாகத் திறந்தது. குப்பை அள்ள இத்தனை கை இருக்கிற ஊரில், மாதம் ஒருநாள் மருந்து ஸ்டாக்கைப் பார்க்க ஆறு பேர் கிடைக்க மாட்டார்களா?

என் யோசனை சின்னதுதான். சமிதி இருக்கட்டும். அதற்கு வெளியே ஆறு பேர். ரிடையரான மைன்ஸ் தொழிலாளி ஒருவர், குழந்தை பெற்றுப்போன பெண் ஒருவர், டீச்சர் ஒருவர், இந்த மாதிரி. கட்சிக் கரை வேட்டி வேண்டாம். தலைமைக்கு வருகிறவர் அந்த ஆஸ்பத்திரி வரிசையில் ஒருநாளாவது நின்றவராக இருக்கணும். மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க எழுத்தில் அனுமதி. அவர்கள் எழுதுவதற்கு 20 நாளில் எழுத்தில் பதில். இரண்டும் நோட்டீஸ் போர்டில். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், பாங்கில் எங்களை டிரான்ஸ்பர் செய்வது போல. பழகிவிட்டால் கண் மங்கிவிடும்.

இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ அங்கருந்து சொல்லிட்டே ண்ணா. அந்த ஆறு பேர்ல மொத ஆளா பேரு குடுக்கறது யாரு?" என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை. இக்கரையில் உட்கார்ந்து முதியோர் இல்லத்துத் தண்ணி ஜக்கைப் பார்த்தவன், அக்கரையில் அப்பாவின் வரிசையில் நிற்கவில்லை என்ற குறுகுறுப்பு எனக்கும் உண்டு.

இன்று காலை அவளே திரும்பக் கூப்பிட்டாள். பெரியம்மாவும் அவளுமாக ரெண்டு பேர் ஆச்சாம். இன்னும் நாலு பேர் வேணும். தங்கவயல்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஊரில் இருக்கிற உங்கள் அக்கா தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.