பூவுக்கு முன் அளவைச் சொல்லுங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. ஆந்திரத்தின் கடியத்திலிருந்து கன்று லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. தை பிறந்ததும் புதுமனை புக இருப்பவர்கள், அதற்குள் தோட்டம் முடிந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். நர்சரிக்காரர்களுக்கும் லேண்ட்ஸ்கேப் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி வரும் பருவம் இது. இந்தச் சில வாரங்களில் நட்டுக் கொடுப்பவை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கப் போகின்றன. வேலையை ஒப்படைக்கும் நாளில் எடுக்கும் படத்துக்காகச் செடி தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

முதலில் இடத்தைக் கணக்குப் பார்ப்போம். நகரத்தில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. வீடு, கார் நிற்கும் இடம், சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல் எல்லாம் போக, பக்கவாட்டில் மூன்றடியோ ஐந்தடியோ மிஞ்சும். முன்புறம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். அந்த ஐந்தடியில் சரக்கொன்றை நடுகிறோம். அது 30 அடிக்கு மேல் வளர்ந்து, 20 அடிக்குக் குடை விரிக்கும் மரம். கோயில் வளாகத்துக்கு ஏற்ற நாகலிங்கத்தை ‘ராசியான மரம்’ என்று வீட்டு மூலையில் வைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழெட்டு ஆண்டுகளில் கிளை மின்கம்பியைத் தொடும், பக்கத்து வீட்டு மாடியில் இலை கொட்டும், சண்டை வரும். கடைசியில் யாராவது மரத்தை மொட்டையடிப்பார்கள். அப்படி வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும் போத்துகளுக்கு மரத்தோடு உறுதியான பிடிப்பு இருக்காது. அடுத்த பெருங்காற்றில் முதலில் முறிவது அவைதான். கவாத்து செய்து சரிக்கட்டிவிடலாம் என்பது தவறான தேர்வுக்குச் சொல்லும் சமாதானம். ஆண்டுதோறும் வெட்டித்தான் அளவில் வைக்க வேண்டும் என்றால், அந்த மரம் அந்த இடத்துக்கு உரியதல்ல.

சின்ன இடத்துக்கு ஏற்ற செடிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நந்தியாவட்டை ஐந்து முதல் எட்டடிக்குள் அடங்கும். அரை நிழலிலும் பூக்கும். வெண்மந்தாரை எட்டுப் பத்தடிக்கு மேல் போவது அரிது. மயிற்கொன்றைக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான்; அதற்கு நல்ல வெயில் வேண்டும். பவளமல்லியைப் பன்னிரண்டு பதினைந்தடியில் சிறுமரமாக வைத்திருக்கலாம். விடியற்காலையில் அதன் பூ முழுவதும் தரையில் உதிரும் என்பதால் கார் நிற்கும் இடத்துக்கு மேல் வைக்காமல், நடைபாதை ஓரத்தில் வைக்க வேண்டும். உயிர்வேலி கேட்பவருக்கு மருதாணியைவிடச் சிக்கனமான செடி இல்லை. வெட்ட வெட்டத் தழைக்கும், வறட்சி தாங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைகளில் உப்புக்காற்று அடிக்கும் இடத்துக்கு அச்சிநறுவிலி பொருந்தும். அதைவிடப் பெரிய இடம் இருந்தால் புன்னையும் பூவரசும் வைக்கலாம். வளர்ச்சியில் மெதுவானது என்று நாம் ஒதுக்கும் மகிழம், அடர்ந்த நிழலும் உறுதியான கட்டையும் கொண்ட மரம். முன்புறம் இருபதடி இடம் உள்ளவருக்கு அதைத் தயங்காமல் சொல்லலாம்.

அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. கன்றின் வேரையும் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னையோடு தோட்டத்து மரங்களையும் அழித்தது. மரம் சாயப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம் நர்சரியிலேயே தொடங்குகிறது. ஓராண்டுக்கு மேல் அதே கவரில் இருந்த கன்றை எடுத்துக் கவரைக் கிழித்துப் பாருங்கள். வேர் பிளாஸ்டிக் சுவரை முட்டி, போக வழியில்லாமல் திரும்பி, அடியில் சுருளாகச் சுற்றியிருக்கும். அதை அப்படியே குழியில் இறக்கினால் அந்தச் சுருள் மண்ணுக்குள்ளும் சுருளாகவே தடிக்கும். பக்கவாட்டில் வேர் ஓடாது. மேலே பதினைந்தடி மரம், கீழே கவர் அளவுக்குப் பிடிப்பு என்ற நிலையில் அது எந்தக் காற்றுக்கும் தாங்காது. மெல்லிய வேராக இருந்தால் மண்கட்டியின் பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் ஓர் அங்குல ஆழம் கீறிவிட்டு, அடிச்சுருளை அறுத்து நீக்கி நடலாம். சுருள் விரல் பருமனுக்கு முற்றியிருந்தால் கன்றைத் திருப்பி அனுப்புவதுதான் சரி. உயரமான கன்றுக்கு அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளரிடம், கவரில் கிடந்து உயர்ந்த கன்றைவிட வேர் தெளிந்த சின்னக் கன்று இரண்டு ஆண்டில் முந்திவிடும் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மண். புது வீட்டைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் மண்ணே அல்ல. உடைந்த செங்கல், சிமெண்டுச் சாந்து, ஜல்லி எல்லாம் கலந்த நிரவல். சிமெண்டும் சுண்ணாம்பும் அந்த மண்ணைக் காரமாக்குகின்றன. போர்வெல்லின் உப்புநீர் அதை இன்னும் கெடுக்கிறது. இந்த நிலைமையை முதலில் காட்டிக்கொடுப்பது இட்லிப்பூச்செடி. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருந்தாலும், காரம் மிகுந்த மண்ணில் அதை வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அன்னபேதிக் கரைசலை இலையில் தெளித்தால் சில வாரங்களுக்குப் பச்சை திரும்பும், மறுபடி வெளுக்கும். குழியை இரண்டடிக்கு இரண்டடி எடுத்து, இடிபாட்டை வெளியே கொட்டி, செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் நிரப்புவதுதான் நிரந்தரத் தீர்வு. அந்தச் செலவை மதிப்பீட்டில் சேர்க்க முடியாவிட்டால் இட்லிப்பூவைப் பரிந்துரைக்காதீர்கள். காகிதப்பூவோ அரளியோ அந்த மண்ணைத் தாங்கிக்கொள்ளும்.

அரளி என்றதும் நஞ்சைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் இல்லாமலும் பூக்கும் என்பதால் நெடுஞ்சாலையின் நடுத்திட்டுகளில் அரளியை வைக்கிறோம். அங்கே அது சரியான தேர்வு. குழந்தை தவழும் வீட்டிலும், கன்றுக்குட்டி கட்டும் கொல்லையிலும் அதே செடியை வைக்கும்போது கணக்கு மாறுகிறது. இலை, பூ, தண்டு என்று அதன் எல்லாப் பாகங்களிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. 2024 மே மாதத்தில் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவெடுத்தன. மஞ்சள் அரளியின் விதை அதே வகையான நஞ்சைக் கொண்டது. நம் கடைகளிலோ மஞ்சள் அரளியும் டெகோமாவும் ஒன்றுபோலப் ‘பொன்னரளி’ என்றே விற்கப்படுகின்றன. பெயர் தெளிவாக இல்லாத இடத்தில் எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

இன்னொரு பொறுப்பு மதிலுக்கு வெளியே இருக்கிறது. மஞ்சக்கொன்னை அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுவரப்பட்ட மரம். இன்று முதுமலைக் காட்டில் அதை வேரோடு அகற்றப் பெரும்பாடு நடக்கிறது. மலைக்காடுகளை மூடியிருக்கும் உண்ணிச்செடியும் ஒருகாலத்தில் தோட்டத்து அலங்காரச் செடிதான். இப்போதைய பாடம் கோனோகார்ப்பஸ். மூன்றே ஆண்டில் பச்சைச் சுவர் கிடைக்கும் என்று அடுக்ககங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அதைக் கட்டுக்கட்டாக விற்றோம். 2023 செப்டம்பரில் குஜராத் தடை செய்தது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசும் தடை விதித்தது. அரசாணை வந்த பிறகு கைவிடுவது சட்டத்துக்குக் கட்டுப்படுவது மட்டுமே. வேகமாக வளர்வதையும் எங்கும் முளைப்பதையும் விற்பனைக் குணமாகச் சொல்லும்போதே அது காட்டில் என்ன செய்யும் என்று யோசிப்பவரே தொழில் தெரிந்தவர்.

மாற்று நம் கடற்கரை ஓரத்திலேயே இருக்கிறது. சோழமண்டலக் கரையின் கோயில் காடுகளில் எஞ்சியிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டுச் செடிகள் இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் பழகியவை. நீலப்பூங்கொத்து கட்டும் காயா, முள்வேலிக்கும் பழத்துக்கும் ஆகும் களா, உயிர்வேலியாக இறுகும் பிராய் என்று பல உண்டு. ஆரோவில்லில் இவற்றின் நாற்றுகளைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள். இவை கடைகளில் கிடைக்காததற்குக் காரணம் எளிது: மெதுவாக வளர்கின்றன, நர்சரிக்காரரின் முதலீடு முடங்குகிறது. ஒப்பந்தக்காரர்கள் ஓராண்டு முன்கூட்டியே ஆர்டரும் முன்பணமும் கொடுத்தால் மட்டுமே இந்த முடிச்சு அவிழும். பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ செய்து கொடுக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இந்தப் பருவத்திலிருந்தே தொடங்கக்கூடிய ஒரு மாற்றத்தை முன்வைக்கிறோம். ஒவ்வொரு கன்றிலும் ஓர் அட்டை தொங்கட்டும். அதில் நான்கு தகவல் இருந்தால் போதும்: தாவரவியல் பெயர், முழு வளர்ச்சியில் உயரமும் அகலமும், சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் விட வேண்டிய தூரம், நஞ்சு உண்டா இல்லையா. அட்டைக்கு ஆகும் செலவு கன்றின் விலையில் தெரியக்கூட தெரியாது. நர்சரிக்காரர்கள் அட்டை கட்டுங்கள். ஒப்பந்தக்காரர்கள் அட்டை இல்லாத கன்றை வாங்காதீர்கள்.