மனோவியாதியும் வைத்தியர் ஆராய்ச்சியும்

நம் நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 10 பேருக்கு மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு மனோவியாதியால் துன்புறுகின்றனரென்பது 2015-16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின் முடிவு. அவர்களில் பெரும்பாலோர், நோயின் தன்மைக்கேற்ப 100-க்கு 70 முதல் 92 பேர் வரை, தக்க சிகிச்சையின்றி இருந்தனரென்றும் அதே ஆய்வு கூறிற்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் வெளியிட்ட இவ்விவரங்களைக் கண்டு வருந்தாதார் இரார். ஆனால் வருத்தம் வைத்தியமாகாது. இந்நோய்களின் மூலத்தை யார் ஆராயப் போகிறார்கள்? ஆராய முன்வரும் இளம் வைத்தியர்களுக்கு நாடு என்ன வழி செய்து வைத்திருக்கிறது? இக்கேள்வியையே இன்று வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

உயிரோடிருப்பவரின் மூளையைப் படமெடுத்துப் பார்க்கும் வசதி மனநோய் ஆராய்ச்சியில் ஒரு புதுவாயிலைத் திறந்தது. 1976-இல் லண்டன் நகரின் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில் ஈவ் ஜான்ஸ்டன் என்ற பெண் வைத்தியரும் அவருடைய சகாக்களும், நெடுநாள் மனச்சிதைவுற்றோரின் மூளையை சி.டி. யந்திரத்தால் படமெடுத்து, நீர் நிறைந்த உள்ளறைகள் அவர்களிடம் விரிந்திருப்பதைக் காட்டினர். 1990-இல் ஸெய்ஜி ஓகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் ஏற்றத்தாழ்வைக் கொண்டே மூளையின் வேலையைக் காந்தப் படத்தில் காண வழி கண்டனர்.

எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. படத்தை மட்டும் வைத்து, இன்னாருக்கு மனச்சிதைவு, இன்னாருக்கு மனச்சோர்வு என்று தீர்மானிக்க இன்றளவும் இயலாது. மூளையில் கட்டியோ வேறு பழுதோ உண்டா என்று அறிய ஸ்கான் உதவும். அதனாலேயே மனோவியாதியின் பெயரும் தெரிந்துவிடுமென்று நம்பிக் கடன் வாங்கும் குடும்பத்தார் இதை அறிதல் அவசியம். இதுவரை காணப்பட்ட வேற்றுமைகள், நோயுற்றோர் கூட்டத்துக்கும் நோயற்றோர் கூட்டத்துக்குமுள்ள சராசரி வேற்றுமைகளேயாம். இருபது முப்பது பேரைப் படமெடுத்துக் கூறிய முடிவுகள் பல பின்னர் நிலைக்கவில்லை. மூளையின் அமைப்புக்கும் மனப்போக்குக்குமுள்ள தொடர்பை நம்பகமாக உரைக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்று 2022-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, செய்யவேண்டிய வேலை முடிந்துவிடவில்லை. பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

இவ்வேலைக்குப் பௌதிக நிபுணரும் கணித நிபுணரும் தேவை. ஆனால் அவர்களோடு வைத்தியரும் இருந்தே தீரவேண்டும். பத்தாண்டு மருந்துண்டவர் மூளையில் ஒரு மாறுதல் தென்பட்டால், அது நோயின் செயலா, மருந்தின் செயலா? நோயாளியின் புகைப்பழக்கம், உறக்கம், உணவு, அவர் பட்ட துயரம் இவற்றுக்கு அதில் பங்கென்ன? நோயாளியோடு அமர்ந்து பேசியவரே இக்கேள்விகளை எழுப்ப வல்லவர். மருந்தே உண்ணாத நிலையில் முதன்முதல் ஆஸ்பத்திரிக்கு வருவோர் நம் நாட்டில் உண்டு. அவர்களுடைய படங்கள் ஆராய்ச்சிக்கு மிகவும் அருமையானவை. அதற்காக அவர்களுடைய சிகிச்சையைத் தாமதிப்பது அதர்மம். அந்த எல்லையைக் காப்பவர், ஆராய்ச்சிக்காரராயிருக்கும்போதே வைத்தியராயும் இருப்பவர்தான்.

நமது வைத்தியர்களுக்குக் கூரிய நோக்கில்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1931-இலேயே கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் ஸென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர், சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் குணமளிப்பதை எழுதி வெளியிட்டனர். அதன் சத்தாகிய ரெஸெர்பினைப் பிரித்தெடுத்தது 1952-இல், ஸ்விட்ஸர்லாந்தில். மனோவியாதிக்கு அம்மருந்தின் உபயோகம் பின்னர் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம். கண்டறிந்தவர் இங்கிருந்தும், தொடர்ந்து ஆராய வேண்டிய வசதி இங்கில்லாமற் போயிற்றே என்பதுதான் நமது குறை.

வசதி என்றால் யந்திரம் மட்டுமன்று. அவகாசமே முதல் வசதி. எம்.டி. பட்டம் பெற்ற இளம் மனநோய் வைத்தியர் காலை முதல் பிற்பகல் வரை வெளிநோயாளிகளின் நீண்ட வரிசைக்கு நடுவே நிற்கிறார். ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.ஐ. யந்திரமோ விபத்தில் அடிபட்டோருக்கும் பக்கவாதக்காரருக்கும் போதாமலிருக்கிறது. வெளியே தனித்தொழில் கூடுதல் வருமானத்தோடு அழைக்கிறது. இந்நிலையில், பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டுமென்று வைத்தியக் கல்லூரி ஆசிரியர்களுக்கு விதி! அவகாசம் கொடாமல் கட்டுரை கேட்டால் கட்டுரை கிடைக்கும், ஆராய்ச்சி கிடைக்காது.

அமெரிக்காவில் இளம் வைத்திய ஆராய்ச்சியாளருக்கு அரசாங்கம் அளிக்கும் ஓர் உதவித் திட்டம், அவருடைய வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கக் கோருகிறது. இங்கிலாந்தில் பயிற்சிக் காலத்திலேயே நாலில் ஒரு பங்கு ஒதுக்கும் பதவிகள் உண்டு. அவகாசம் கிடைத்தால் நம்மவரும் சாதிப்பரென்பதற்குச் சென்னையே சாட்சி. 1981-82-இல் முதன்முறை நோயுற்று வந்த 90 மனச்சிதைவு நோயாளிகளைச் சென்னை வைத்தியர்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தனர். இந்நோயின் போக்கைப்பற்றி உலகம் அறிந்துகொள்ள அவ்வாராய்ச்சி உதவிற்று. அதற்கு மூலதனம் பொறுமையும் காலமுமே.

"சிகிச்சைக்கே வைத்தியர் போதாதபோது ஆராய்ச்சிக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வைத்தியர் தொகையைப் பெருக்கவேண்டுமென்பதில் நமக்கு இருவேறு அபிப்பிராயமில்லை. ஆனால், எந்த மருந்து எவருக்குப் பலிக்குமென்று முன்கூட்டி அறிய இயலாமையால் மாதக்கணக்கில் மருந்து மாற்றி மருந்து கொடுத்து நோயாளியும் வைத்தியரும் களைப்பதும் நஷ்டமன்றோ? அந்த இருளை நீக்க முயல்வதும் சிகிச்சையின் பகுதியே.

ஆதலால், பெரிய சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஒவ்வொன்றிலும் மனநோய்ப் பகுதியில் ஒன்றிரண்டு ஆராய்ச்சிப் பதவிகளேனும் ஏற்படுத்தி, அவற்றிலிருப்போர் நேரத்தில் பாதியை ஆராய்ச்சிக்கென விதியாலேயே பாதுகாக்கவேண்டும். சம்பளம் ஓராண்டுக்கு ஓராண்டு ஊசலாடாமல் ஐந்தாண்டுகளாவது நிலைக்கவேண்டும். எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் வாரத்தில் குறித்த சில மணி நேரத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கவேண்டும். பல கல்லூரிகள் ஒரே முறையில் படமெடுத்துச் சேர்ந்து ஆராயவேண்டும். இவற்றுக்காகும் செலவு ஒரு நாட்டுக்குப் பெரிதன்று.

2001-ஆம் ஆண்டு ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட நிலையில் 28 மனநோயாளிகள் தீக்கிரையாயினர். அன்று நாடே கலங்கிற்று. சங்கிலியை அறுக்கச் சட்டம் வேண்டும். நோயை அறுக்க அறிவு வேண்டும். 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அறிவைத் தேடுவோருக்கு வழிவிடும் கடமை இன்னும் பாக்கியிருக்கிறது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் அதை இனியும் ஒத்திப்போடலாகாது.