கணக்கேட்டை இனி நாமும் எழுதுவோம்

பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் 'கம்ப்யூட்டர் கோர்ஸ்' சேர்க்கிறோம் என்று மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் பணம் கட்டிவிட்டு வருகிற பெற்றோர் நம் தெருக்களில் நிறையப் பேர். அறுப்புக் கூலி, நூறு நாள் வேலைக் கூலி, போதாததற்கு மகளிர் குழுக் கடன். ஆறு மாதம் கழித்துக் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். தட்டச்சு தெரியும், டேலி கொஞ்சம் தெரியும். ஒரு இணையதளம் எப்படி எழுதப்படுகிறது, அதன் பின்னால் தரவுத்தளம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த வேலைக்கான கருவிகள் எதற்கும் காசே கிடையாது.

நிரல் எழுத வி.எஸ். கோட் இலவசம். ஃபயர்பாக்ஸ், குரோம் உலாவிகளில் எஃப்12 பொத்தானை அழுத்தினால் எந்த இணையப் பக்கத்தின் உள்கட்டமைப்பையும் திறந்து பார்க்கலாம். தரவைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எளியது எஸ்க்யூலைட். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். நம் கைப்பேசிகளுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. அதை எழுதியவர்கள் காப்புரிமை வேண்டாம் என்று பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார்கள். ஊர்ப் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் எந்தப் பெரிய மனிதராலும் வளைத்துப்போட முடியாது.

படிக்கவும் தமிழிலேயே வழி உண்டு. கணியம் அறக்கட்டளை வழியாக து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மைஎஸ்க்யூஎல் என்று விலையில்லாமல் மின்னூலாகக் கிடைக்கின்றன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழ்க் குரலில் கேட்டபடியே செய்து பழகலாம். ஓரளவு ஆங்கிலம் வந்தபின் ஃப்ரீகோட்கேம்ப் போதும். ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம்: எஸ்க்யூஎல்லில் அன்றாடம் தேவைப்படும் சொற்கள் ஐம்பதைத் தாண்டாது.

வேலை கிடைக்கும், சம்பளம் வரும் என்பது உண்மை. அதற்காக மட்டும் நாம் இதை வலியுறுத்தவில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் கணக்கு கர்ணம் வீட்டில் இருந்தது. எது பஞ்சமி, எது நத்தம், யார் குத்தகைதாரர் என்பதை அவர் எழுதியதே எழுத்து. வாய்ப்பேச்சில் நின்ற குத்தகையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1980-இல் கர்ணம் பதவி ஒழிந்தது. ஏடு ஒழியவில்லை, கணினிக்குள் போய்விட்டது. சிட்டா, சாதிச் சான்று, ரேஷன் அட்டை, கல்வி உதவித்தொகை எல்லாமே இன்று யாரோ ஒருவர் வடிவமைத்த அட்டவணையின் வரிகள்தான். அந்த அட்டவணையில் எந்தக் கட்டம் இருக்கிறது, எந்தக் கட்டம் இல்லை என்பதில் நம் வாழ்வு தொங்குகிறது.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். பெயர்ப் பலகைக்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். மின் இணைப்பு, வாக்காளர் பட்டியல், ஆதார் என்று தனித்தனியாகக் கிடக்கும் முகவரிகளில் அந்தச் சொல் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சொல் மாற்றம் சின்ன விஷயமல்ல. ஒரு தரவுத்தளத்தைப் பார்த்து இன்னொன்று நகலெடுக்கும் ஏற்பாட்டில், முதலாவதை 'எஜமான்' என்றும் இரண்டாவதை 'அடிமை' என்றும்தான் கணினித் துறை வெகுகாலம் அழைத்து வந்தது. மைஎஸ்க்யூஎல் அதை 2020-இல் 'மூலம், நகல்' என மாற்ற முடிவெடுத்தது. பண்ணையாள் முறையைக் கண்ட தஞ்சை மண்ணின் பிள்ளைகள் அந்த மேசையில் முன்பே உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் அத்தனை காலம் ஓடியிருக்காது என்றே நினைக்கிறோம்.

பாடம் இலவசம் என்பதால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. மேசை வேண்டும், மின்சாரம் வேண்டும், பிழை வந்து நிற்கும்போது சந்தேகம் கேட்க ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும். பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் பெயரில் கணினி மையம் நடத்தினார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். மன்னார்குடியில் ஏன் முடியாது?

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை இரண்டு மணி நேரம் கணினி அறை வேண்டும். தாட்கோ நடத்தும் திறன் பயிற்சியில் இணைய, தரவுத்தளப் பயிற்சியை இந்த ஊரிலேயே நடத்த வேண்டும். பயிற்சிக்காகச் சென்னை போய்த் தங்குவதென்றால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பமாட்டார்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. லினக்ஸ் போட்டால் அவற்றில் பலவும் இந்த வேலைக்குப் போதும். ஏப்ரல் 14-க்கு வைக்கும் பிளக்ஸ் பேனர்களில் நான்கைந்தைக் குறைத்தால் ரேம், சார்ஜர் வாங்கக் காசு ஆகும். சொன்னால் நம் இளைஞர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

பயிற்சிப் புத்தகங்களில் முதல் அட்டவணை பெரும்பாலும் 'ஊழியர், சம்பளம்' என்றே இருக்கும். நம் பிள்ளைகள் தங்கள் தெருவையே முதல் அட்டவணையாக எழுதட்டும்: கதவு எண், மனைப் பட்டா உண்டா இல்லையா, மனு கொடுத்த தேதி, பதில் வந்த தேதி. 'பதில் வராதவற்றை மட்டும் காட்டு' என்று ஒரு வரி எழுதினால் பட்டியல் வந்துவிடும். அடுத்த ஜமாபந்தியில் அந்தத் தாளை அதிகாரி முன் வைக்கலாம்.