1,500 கிலோ பசுந்தேயிலை = ஒரு கிராபிக்ஸ் கார்டு! குந்தா வீடுகளுக்கான கணக்கு

கிராபிக்ஸ் கார்டு விலையை எல்லோரும் ரூபாயில்தான் சொல்கிறார்கள். குந்தா வட்டாரத்தில் அதைப் பசுந்தேயிலையில் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சட்டென்று புரியும். கிலோவுக்கு 20 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30,000 ரூபாய் கார்டு என்பது 1,500 கிலோ பசுந்தேயிலை. பறிகூலி, உரச்செலவு எதையும் கழிக்காத கணக்கு இது. கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று 2023-ல் நீலகிரி சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, அந்த விலையே கிடைத்தாலும் கிட்டத்தட்ட 900 கிலோ போட்டாக வேண்டும்.

அதனால், மஞ்சூரிலோ கிண்ணக்கொரையிலோ ஒரு பையன், "அப்பா, கேம் லேக் ஆகுது. புது கார்டு வேணும்" என்று கேட்டால், "விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?" என்று வீட்டில் குரல் உயர்வதில் ஆச்சர்யமில்லை. ஆனால், அப்பாவும் மகனும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு பணம் கொடுத்தால், நம் வீட்டு மேஜையில் இருக்கும் திரையில் என்ன மாறும்?

முதலில் விலை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 2025 மே மாதம் 299 டாலர் என்ற அறிவிப்போடு வந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டால் 25,415 ரூபாய். அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி. மொத்தம் 29,990 ரூபாய். அதே ஆண்டு டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அமெரிக்காவில் விலை ஒரு சென்ட்கூட ஏறாமலே இங்கே அந்த 299 டாலர் 31,754 ரூபாயாகிவிடுகிறது. கடைக்காரரின் லாபம் தனி.

'கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும்' என்ற பழைய நம்பிக்கையும் இப்போது கைகொடுப்பதில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025-ன் கடைசியில் ரேம் விலை எகிறியது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு மெமரி விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டுக்கும் மெமரி சிப் வேண்டுமே!

அடுத்தது, செயல்திறன். விளம்பரங்கள் குழப்புவது இங்கேதான்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் ஆர்டிஎக்ஸ் 5070-ஐக் காட்டினார். விலை 549 டாலர். இந்திய அறிவிப்பு 59,000 ரூபாய். ஆர்டிஎக்ஸ் 4090-ன் செயல்திறன் இந்த விலைக்கே கிடைக்கும் என்றார். 4090 அறிமுகமானபோது அதன் விலை 1,599 டாலர். மூன்றில் ஒரு பங்கு காசுக்கு அதே வேகம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சூட்சுமம் 'மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்' என்ற வசதியில் இருந்தது. கார்டு உண்மையாக வரைவது ஒரு ஃபிரேம். அதோடு ஏஐ உருவாக்கும் ஃபிரேம்கள் அப்போது மூன்று வரை சேர்ந்தன. ஒரு டம்ளருக்கான தூளில் நான்கு டம்ளர் டீ போட்டதுபோல. நான்கு டம்ளர் என்பது பொய்யில்லை. ஆனால், குந்தாக்காரர்களுக்கு டீயின் திடத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணிக்கை ஏறினாலும், மவுஸை அசைத்ததும் திரை அதற்குக் காட்டும் பதில் அந்த அளவுக்கு வேகமாவதில்லை. இந்த வசதியை அணைத்துவிட்டு அளந்தால் 5070, 4090-க்கு வெகு கீழேதான் நிற்கிறது.

அதற்காக அது வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே விநாடிக்கு 60 ஃபிரேம் வரும் கேமில் காட்சி வழவழப்பாகத் தெரியும். 25, 30-ல் திணறும் கேமில்தான் கை ஒரு பக்கம், திரை ஒரு பக்கம் என்றாகிவிடும். பட்ஜெட் கார்டு வாங்குபவர்களுக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை. அவர்களுக்குத்தான் அது குறைவாக உதவுகிறது. ஆகவே, கடையிலோ வீடியோவிலோ யாராவது ஃபிரேம் கணக்குச் சொன்னால், "ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாமல் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

விலையை ஃபிரேமால் வகுத்துப் பார்ப்பது பலரும் செய்யும் கணக்கு. உதாரணத்துக்கு, 30,000 ரூபாய் கார்டு 90 ஃபிரேம் தருகிறது. 45,000 ரூபாய் கார்டு 125 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு ஃபிரேம் 333 ரூபாய், இரண்டாவதில் 360 ரூபாய். பெரிய வித்தியாசமில்லை, கூடக் கொஞ்சம் போட்டு நல்லதாக வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

இப்போது வீட்டு மானிட்டரைப் பாருங்கள். பல வீடுகளில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். விநாடிக்கு 60 முறைதான் அது படத்தை மாற்றும். கார்டு 90 தந்தாலும் 125 தந்தாலும் கண்ணுக்குத் தெரியும் படங்கள் 60-தான். திரையில் தெரியும் ஃபிரேமை வைத்து வகுத்தால் முதல் கார்டு 500 ரூபாய், இரண்டாவது 750 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் அந்த 15,000 ரூபாயில் வருவது பெரும்பாலும் திரையை எட்டாத ஃபிரேம்கள்தான். அதைவிட, சுமாரான கார்டோடு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்குவது மேல்.

கணினி பழையதாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஆர்டிஎக்ஸ் 5060 மதர்போர்டோடு எட்டு லேன்களில்தான் பேசும். புது போர்டில் பிரச்னையில்லை. பிசிஐஇ 3.0 கொண்ட பழைய போர்டில் அந்த எட்டு லேன்களும் மெதுவானவை. கார்டின் 8 ஜிபி மெமரி நிறைந்து, கணினியின் ரேமுக்கும் கார்டுக்கும் தகவல் போய்வர ஆரம்பித்ததும் கேம் விட்டு விட்டு இழுக்கும். கெத்தை ரோட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிய பஸ் கதைதான்.

இன்டெலின் ஆர்க் பி580 காகிதத்தில் இன்னும் மலிவு. அறிமுக விலை 249 டாலர், 12 ஜிபி மெமரி. ஆனால், 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி உள்ள கணினியில்தான் அது ஒழுங்காக ஓடும். இன்டெல் பிராசஸர் என்றால் பத்தாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது அந்த நிறுவனமே. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஒரே பெயரில் இரண்டு விதமாக வருகிறது. அறிமுக விலை 8 ஜிபி-க்கு 299 டாலர், 16 ஜிபி-க்கு 349 டாலர். வரியோடு சுமார் 5,300 ரூபாய் வித்தியாசம். நான்கைந்து வருடம் ஓட்டப்போகிறவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்து 16 ஜிபி-யே வாங்கலாம். பெட்டியில் அந்த எண்ணைப் பார்க்காமல் மட்டும் பணம் கட்டாதீர்கள்.

கரன்ட் விஷயத்துக்கு வருவோம். கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு உருவான குந்தா மின் திட்டம் தமிழகத்துக்கே வெளிச்சம் தருகிறது. ஆனால், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் குந்தா கிராமங்களில்தான் முதலில் இருட்டு. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யுபிஎஸ் இல்லாமல் இங்கே கேமிங் கணினி வைப்பது சரிப்படாது. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். 145 வாட் இழுக்கும் 5060 போட்ட கணினி அதற்குள் அடங்கும். 250 வாட் இழுக்கும் 5070 என்றால், கரன்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் கீச்சிட்டு அணைந்துவிட வாய்ப்பு அதிகம். 5060-க்கே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது என்விடியா. கேபினெட்டோடு சேர்ந்து வந்த பழைய எஸ்எம்பிஎஸ் இதற்குப் போதாது. அதை மாற்றும் செலவையும் கார்டு விலையோடு கூட்டுங்கள். 300 வாட் கணினி தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் ஒரு பகுதி இதற்கே போய்விடும். ஒரே ஆறுதல், குந்தா குளிரில் கார்டு அவ்வளவாகச் சூடாகாது!

வாரன்டியையும் இங்கிருந்தே யோசிக்க வேண்டும். கார்டு பழுதானால் கோவைக்கோ சென்னைக்கோதான் அனுப்ப வேண்டியிருக்கும். கெத்தை வழியாக இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவுகள். உங்கள் பின்கோடுக்கு கூரியரில் வந்து எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். சில நூறு ரூபாய் மலிவு என்பதற்காக பில் இல்லாமல் வாங்கினால், பழுதாகும்போது மொத்தப் பணமும் போகும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான் என்றால் பழைய கார்டையும் யோசிக்கலாம். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரியோடு பல கேம்களுக்கு இன்னும் போதும். கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகளும் சந்தையில் இருப்பதால், அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கையில் கொடுக்கக் கூடாது.

காசே செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. லேக் ஆகும் கேமை ஓடவிட்டு, ஜிபியு எத்தனை சதவிகிதம் வேலை செய்கிறது என்று 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்' போன்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் திணறுகிறது. பையன் சொல்வது சரி. 60-லேயே நின்றால் பிரச்னை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கலாம். புது கார்டு போட்டாலும் அதே லேக் வரும்.

'ஜிடிஏ 6 வருதுப்பா, அதுக்குத்தான்' என்று பையன் சொன்னால் மட்டும் அவசரப்பட வேண்டாம். 2026 நவம்பர் 19 என்ற தேதியோடு அந்த கேம் அறிவிக்கப்பட்டிருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்குத்தான். கணினிக்கு எப்போது என்ற அறிவிப்பு அதில் இல்லை.