ஏழை வீட்டுக் கூரை

2030-ம் ஆண்டுக்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டிக் குடிசைகளை ஒழிப்பதெனத் தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. கோடையில் தீக்கும் ஐப்பசியில் மழைக்கும் அஞ்சி ஓலையின் கீழ்க் காலந்தள்ளும் குடும்பத்துக்கு இது எத்தகைய பேறு என்பதை மாடிவாசிகள் அறியார். நோக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் கூரை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பகலெல்லாம் வெயிலை உண்ட தட்டைக் கூரை இரவெல்லாம் அதைக் கக்குகிறது. விசிறிக்கும் மின்சாரத்துக்கும் ஏழையே பணம் தேட வேண்டும். சிமெண்டோ, சுண்ணாம்புக் கல்லை உலையிலிட்டுச் செய்வது. எரிபொருளின் புகை போதாதென்று, அந்தக் கல்லே வெந்து கரியமில வாயுவை விடுகிறது. 2011-ல் தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டத்தில் சூரிய ஒளி விளக்குகள் ஐந்து கொடுத்தார்கள். கூரை என்னவோ அதே கான்கிரீட்தான்!

பக்கத்திலுள்ள மலையாள நாட்டைப் பாருங்கள். ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டுமென்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர், 2007-ல் காலஞ்சென்ற லாரி பேக்கர். ஆங்கிலேயராய்ப் பிறந்த ஒருவர் வந்துதான் நம் மண்ணின் அருமையை நமக்குக் காட்ட வேண்டியிருந்தது, போகட்டும். அவர் செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் விட்டார். கல்லில் கால் பங்கு மிச்சம். வெப்பமும் எளிதில் உள்ளே வாராது. கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் வீண் சுமை. அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். திருவனந்தபுரத்தை அடுத்த உள்ளூரில் 1970-களில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் இன்றும் நிற்கிறது.

மலையாளத்து முறை நம் ஜில்லாக்களுக்கு ஆகுமா என்பர். விழுப்புரம் ஜில்லாவிலுள்ள ஆரோவில்லில், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து அழுத்திய சுடாத மண்கட்டிகளால் மாடிக் கட்டடங்களே கட்டியிருக்கிறார்கள். எல்லா மண்ணும் உதவாது என்பது உண்மை. கரிசல் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும். சுவரில் சாரல் படாதபடி கூரை வெளியே நீளவேண்டும். இவையெல்லாம் கொத்தனார் அறிந்த விஷயங்களே; எஞ்சினீயரின் மதிப்பீட்டுக் காகிதத்தில் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

கான்கிரீட்டை அடியோடு விலக்கும்படி நாம் கேட்கவில்லை. ஓடு பதித்த கூரைக்கும் வெற்றிடச் சுவருக்கும் மண்கட்டிக்கும் தவணைப் பணம் தடையின்றிக் கிடைக்குமாறு விதி செய்யட்டும். கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கிய ராஜ்யத்துக்கு இது இயலாத காரியமன்று. முதலில் ஜில்லாவுக்குப் பத்து வீடுகள் இம்முறையில் கட்டி, சித்திரை மாதத்து நடுப்பகலில் அதிகாரிகள் அவற்றிலும் பழைய மாதிரி வீட்டிலும் ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.