எச்சில் சொன்ன சேதி

"டம்ளரைத் தூக்கிக் குடி, எச்சில் பண்ணாதே!" என்று குழந்தையை ஒரு தரமாவது அதட்டாத தாய் நம் வீடுகளில் உண்டா? எச்சில் கையால் பாத்திரத்தைத் தொட்டுவிட்டால் பாட்டி போடுகிற கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட எச்சிலைத் தினந்தோறும் 10,000 பேரிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி போன்ற சிறு குழாயில் அடைத்து வைத்துக்கொண்ட ஒரு சர்வகலாசாலையைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள், சகோதரிகளே!

அமெரிக்காவில் சிகாகோவுக்குத் தெற்கே அர்பானா, ஷாம்பெய்ன் என்று ஒட்டிப் பிறந்தாற்போல் இரண்டு ஊர்கள். இல்லினாய் சர்வகலாசாலை அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் மட்டும் 50,000 பேருக்கு மேல். நம் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். 2020-ஆம் வருஷம் கோவிட் உலகத்தையே கதவடைக்கச் செய்தபோது, அவர்களைப் பெற்றவர்கள் இங்கே எத்தனை இரவு தூங்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ!

அந்த மார்ச்சில் கல்லூரிகளை மூடுவது பெரிய காரியமாக இல்லை. "எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று ஒரு கடிதம் போதும். ஆகஸ்டில் திரும்பத் திறப்பதுதான் கஷ்டம். வடக்குக் கரோலினா சர்வகலாசாலை ஆகஸ்டு 10-ஆம் தேதி திறந்தது. வந்து சேருகிற பிள்ளைகளைப் பரிசோதித்து உள்ளே விடவேண்டும் என்று அது நினைக்கவில்லை. ஒரே வாரத்தில் 130 மாணவர்களுக்குத் தொற்று. 17-ஆம் தேதி, "இளநிலை வகுப்புகள் இனிமேல் கணினி வழியாகத்தான்" என்று அறிவிப்பு வந்துவிட்டது. அப்போது அங்குள்ள மாணவர் பத்திரிகை ஒரு தலைப்புப் போட்டது. அதை நம் பத்திரிகையில் அச்சிட்டால் ஆசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்!

இல்லினாய்க்காரர்கள் அப்படி அலட்சியமாக இருக்கவில்லை. மார்ட்டின் பர்க், பால் ஹெர்கன்ரோதர் என்ற இரு ரசாயனப் பேராசிரியர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மூக்கில் குச்சியை விட்டுக் குடைகிற பரிசோதனையை ஒருவருக்கு வாரம் இரண்டு தரம் செய்ய முடியுமா? குச்சிக்கும் பஞ்சம், மருந்துக்கும் பஞ்சம், செய்கிற ஆளுக்கும் பஞ்சம். எச்சில் என்றால் பஞ்சமே இல்லையே! துப்பிய எச்சிலை 95 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தார்கள். அந்தச் சூட்டில் கிருமி செத்துவிடும். அதன் உள்சரக்கும் வெளியே வந்துவிடும். வேறு சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே யந்திரத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். இதெல்லாம் நடந்த இடம் எது தெரியுமா? சர்வகலாசாலையின் கால்நடை நோய்ப் பரிசோதனைக்கூடம். மாடுகளும் குதிரைகளும் கொஞ்ச காலம் மனிதர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தன!

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கூடாரத்துக்குப் போக வேண்டும், குழாயில் துப்ப வேண்டும், அவ்வளவுதான். முடிவு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கைபேசிக்கு வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு தரம் இதைச் செய்யாதவர்களுக்கும், தொற்று என்று தெரிந்தவர்களுக்கும் கைபேசியில் "அனுமதி இல்லை" என்று காட்டும். அதைக் காட்டினால் வகுப்புக் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள்.

நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கே மாஸ்லோவ் என்ற இரண்டு பௌதிகப் பேராசிரியர்கள் இதற்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் விருந்து, கூத்து என்று கூடத்தான் செய்வார்கள், சிலர் முகக்கவசம் போடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பருவம் முழுவதற்குமே சுமார் 700 பேருக்குத்தான் தொற்று வரும் என்று விடை வந்தது.

வகுப்புகள் ஆகஸ்டு 24-இல் தொடங்கின. பத்து நாளுக்குள் 700 தாண்டிவிட்டது!

எங்கே பிசகியது? பரிசோதனை பொய் சொல்லவில்லை. யந்திரமும் ஓடியது. தங்களுக்குத் தொற்று இருக்கிறது என்று எச்சில் சொல்லிவிட்ட பிறகும், சில பிள்ளைகள் விருந்துக்குப் போனார்கள். சிலர் தாங்களே விருந்து வைத்தார்கள். சுகாதார அதிகாரிகள் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. தெரிந்தே ஒருவன் போவான் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. பௌதிகம் படித்தவர்களுக்கு அது தோன்றவில்லை. ஜுரத்தோடு பள்ளிக்கூட உல்லாசப் பயணத்துக்குப் போக, "ஒன்றுமில்லை அம்மா, உடம்பு சரியாகிவிட்டது" என்று சொல்லி நெற்றியைத் தொட விடாமல் நழுவுகிற பிள்ளையை வளர்த்த எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

நான் அந்தப் பிள்ளைகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பதினெட்டு வயதுப் பையனுக்கு இரண்டு நாள் இருமலோடு போய்விடலாம். அவன் தட்டைக் கழுவுகிற பெண்மணிக்கும், விடுதி மாடிப்படியைப் பெருக்குகிற பெரியவருக்கும் அப்படிப் போகும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? ஆனாலும் அவன் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். தொற்று என்றால் பத்து நாள் தனி அறை. யார் யாரோடு பழகினாய் என்று பெயர் சொன்னால், அவர்களுக்கும் பதினான்கு நாள் ஒதுக்கம். புது ஊரில், முதல் வாரத்தில், இப்போதுதான் கிடைத்த நாலு சிநேகிதர்களை அறையில் பூட்ட வைத்தவன் என்ற பெயரை யார் வாங்கிக்கொள்வார்கள்?

இன்னொரு விஷயமும் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தெரு முழுவதும் பார்க்கும். பால்காரர் வெளியிலேயே நின்று ஊற்றுவார். வருகிற விருந்தாளி அப்படியே திரும்பிப் போவார். யாரையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. இல்லினாயில் வேப்பிலை அவரவர் சட்டைப் பைக்குள் இருந்தது. வகுப்புக் கட்டடத்து வாசலில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். விருந்து வீட்டு வாசலில் கேட்பதற்கு ஆள் ஏது?

அதே ஆகஸ்டில் அரிஸோனா சர்வகலாசாலையில் நடந்ததையும் இத்துடன் வைத்துப் பாருங்கள். எச்சிலுக்கே முகம் சுளித்தவர்கள் இந்தப் பாராவை வேண்டுமானால் தாண்டிப் போய்விடலாம்! அங்கே இயன் பெப்பர் என்ற பேராசிரியரின் குழுவினர், விடுதிகளின் சாக்கடைத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். லிக்கின்ஸ் ஹால் என்ற விடுதியின் தண்ணீரில் கிருமி தென்பட்டது. உடனே அங்கிருந்த 311 பேரையும் பரிசோதித்தார்கள். இரண்டே இரண்டு மாணவர்களுக்குத் தொற்று. இருவருக்கும் தும்மல்கூட இல்லை. தங்களுக்கு ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது! அவர்களைப் பிரித்து வைத்தார்கள். அறியாத பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சாக்கடை போதும். அறிந்தும் மறைக்கிற பிள்ளையை என்ன செய்வது?

இல்லினாயில் முதலில் கண்டிப்பைத்தான் கையில் எடுத்தார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி, சான்ஸலர் ராபர்ட் ஜோன்ஸ் இளநிலை மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வாரத்துக்கு வகுப்பு, வேலை, சாப்பாட்டுச் சாமான், பரிசோதனை, வைத்தியம், பிரார்த்தனை, தனியாகக் காற்று வாங்குதல் ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் வெளியே வரக்கூடாது என்றார். மாணவர்களும் அவர்களுடைய சங்கங்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை. சிலரைப் படிப்பிலிருந்தே நிறுத்தி வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது, அதோடு கூடவே அவர்கள் செய்த இன்னொரு காரியம். தொற்று என்று தெரிந்து, வெளியாள் ஒருவர் மறுநாள் கூப்பிடுகிற வரையில் பிள்ளை சும்மா இருந்தால்தானே மறைக்கிற யோசனை வருகிறது? சர்வகலாசாலையே தனியாக ஒரு குழுவை அமைத்தது. முடிவு வந்து முப்பது நிமிஷத்துக்குள் அந்தப் பிள்ளையோடு பேசிவிட வேண்டும், ஒதுங்குவதற்கு இடம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கெடு.

எண்ணிக்கை இறங்கியது. நவம்பர் மூன்றாம் வாரம் வரையில் கூடாரத்தில் துப்புவதும் வகுப்புக்குப் போவதுமாகப் பருவம் ஓடியது. பிறகு, முதலிலேயே திட்டமிட்டிருந்தபடி, நன்றி கூறும் பண்டிகைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் புறப்பட்டார்கள். மூட்டை கட்டுவதற்கு முன்னாலும் குழாயில் ஒரு தரம் துப்பிவிட்டுப் போகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருப்பார்கள் அல்லவா?